கலிஃபோர்னியாவில் கையெழுத்து கேட்டு நிற்கிறார்களே, அது எதற்கு?

கலிஃபோர்னியாவில் மளிகைக் கடை வாசலில் மனுத்தாள் அட்டையும் பேனாவுமாக ஒருவர் நின்று கையெழுத்து கேட்பதை அங்கே வாழும் தமிழர்கள் பார்த்திருப்பார்கள். நன்கொடை கேட்கிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போக வேண்டாம். அந்தத் தாளுக்குப் பின்னால் இருப்பது மாநில அரசியலமைப்புச் சட்டம் வாக்காளருக்குக் கொடுத்திருக்கும் மூன்று அதிகாரங்கள். சட்டமன்றம் செய்யாத சட்டத்தை மக்களே கொண்டுவரலாம். சட்டமன்றம் செய்த சட்டத்தை நிறுத்தலாம். பதவியில் இருப்பவரைப் பதவிக்காலம் முடியும் முன்பே இறக்கலாம்.

இந்த உரிமை விவசாயிகளின் கோபத்தில் பிறந்தது. விளைபொருள் விலை சரிந்துகொண்டே போக, ரயில் கம்பெனிகளின் சரக்குக் கட்டணமும் வங்கிக் கடனும் கழுத்தை நெரித்த காலம் அது. 1892இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் கூடிய, அந்த விவசாயிகளின் ஆதரவு பெற்ற மக்கள் கட்சி, ரயில்வே அரசுடைமை, வருமானத்துக்கு ஏற்ப உயரும் வரி ஆகியவற்றுடன், மக்களே சட்டம் இயற்றும் முறையையும் ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் அதன் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கும் மேல் வாக்குகள் பெற்றார். 1896க்குப் பிறகு கட்சி தேய்ந்து மறைந்தது. கோரிக்கை மறையவில்லை. 1898இல் தெற்கு டகோட்டா மாநிலமும் 1902இல் ஆரிகன் மாநிலமும் அதை ஏற்றன.

கலிஃபோர்னியாவில் சதர்ன் பசிஃபிக் ரயில் கம்பெனியின் செல்வாக்கு சட்டமன்றம் வரைக்கும் பாய்ந்திருந்தது. அந்தப் பிடியை உடைப்பேன் என்று சொல்லி, ரயிலில் ஏறாமல் காரிலேயே ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்டு 1910இல் ஆளுநர் ஆனவர் ஹைரம் ஜான்சன். மறு ஆண்டு அக்டோபர் 10 அன்று நடந்த சிறப்புத் தேர்தலில் இந்த மூன்று அதிகாரங்களுக்கும் மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் அதே நாளில்தான்.

புதிய சட்டம் கொண்டுவர விரும்புபவர் 2,000 டாலர் கட்டி வரைவைத் தாக்கல் செய்ய வேண்டும். அது வாக்குச்சீட்டில் இடம்பெறத் தகுதி பெற்றால் பணம் திரும்பக் கிடைக்கும். மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் தலைப்பும் சுருக்கமும் எழுதித் தருவார். அதன் பிறகு கையெழுத்துத் திரட்ட 180 நாள். கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீதம் தேவை. அரசியலமைப்பையே திருத்துவதானால் 8 சதவீதம். 2022 தேர்தல் கணக்கின்படி இவை 5,46,651 மற்றும் 8,74,641 கையெழுத்துகள். தேர்தலில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் சட்டமாகிவிடும். ஆளுநர் அதைத் தடுக்க முடியாது. அந்தச் சட்டமே இடம் கொடுத்திருந்தால் ஒழிய, மறுபடி மக்களிடம் வராமல் சட்டமன்றமும் அதில் கைவைக்க முடியாது. சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் கட்டிப்போட்ட 1978ஆம் ஆண்டின் 13ஆம் முன்மொழிவு (மக்கள் வாக்குக்கு வரும் யோசனைகளை இப்படி எண்ணிட்டு அழைப்பார்கள்) இன்றும் அசையாமல் நிற்பதற்கு இந்தப் பாதுகாப்பு ஒரு பெரிய காரணம்.

சட்டத்தை நிறுத்தும் அதிகாரம் இன்னும் கூர்மையானது. சட்டம் நிறைவேறிய 90 நாளுக்குள் 5 சதவீதக் கையெழுத்து சேர்ந்துவிட்டால், மக்கள் வாக்களிக்கும் வரை அது அமலுக்கு வராது. 2020இல் சுவையூட்டிய புகையிலைப் பொருள்களுக்கு மாநிலம் தடை விதித்தபோது புகையிலைக் கம்பெனிகள் இதைத்தான் பயன்படுத்தின. 2022 நவம்பரில் மக்கள் தடையை உறுதி செய்தார்கள். ஆனால் இடைப்பட்ட இரண்டு ஆண்டும் விற்பனை நடந்தது. மக்களுக்காக வாங்கிய ஆயுதம் கம்பெனிகளின் கைக்கும் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. கையெழுத்துத் திரட்டுபவர்களுக்குக் கூலி கொடுப்பதைத் தடைசெய்ய முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்துவிட்டதால், பணம் உள்ளவருக்கு லட்சக்கணக்கில் கையெழுத்து சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. 2020இல், செயலி வழி ஓட்டுநர்களை ஊழியர்களாக அல்லாமல் தனி ஒப்பந்தக்காரர்களாகவே வைத்துக்கொள்ள வழிசெய்யும் 22ஆம் முன்மொழிவுக்காக ஊபர், லிஃப்ட் போன்ற செயலி நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கும் மேல் கொட்டி வென்றன. இதற்காக உரிமையையே எடுத்துவிட வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பணத்தின் வாசலைத்தான் அடைக்க வேண்டும், மக்களின் வாசலை அல்ல.

ஆளுநரைத் திரும்ப அழைக்க, கடந்த தேர்தல் வாக்குகளில் 12 சதவீதக் கையெழுத்தை 160 நாளுக்குள் சேர்க்க வேண்டும். 2003இல் கிரே டேவிஸ் இப்படித்தான் பதவி இழந்து, அர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர் வந்தார். 2021இல் கேவின் நியூசம் தப்பித்தார்.

கையெழுத்துப் போடும் தகுதி கலிஃபோர்னியாவில் பதிவு செய்த வாக்காளருக்கு மட்டுமே உண்டு; கிரீன் கார்டு வைத்திருந்தால் போதாது. வாக்காளர் பதிவில் உள்ள முகவரியையே எழுதுங்கள், இல்லையென்றால் சரிபார்ப்பில் கழிந்துவிடும். புதிய சட்டத்துக்கான மனுவில் அதிகப் பணம் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். நிறுத்தும் மனுவில் கையெழுத்திட்டால், சட்டத்தை ஆதரிக்கிறீர்கள் என்று பொருளல்ல. அதை அமலாக்காமல் தள்ளிவைக்கத் துணைபோகிறீர்கள். போட்ட பிறகு மனம் மாறினால், மனு தாக்கலாகும் முன் உங்கள் கவுண்ட்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தேர்தல் அலுவலருக்கு எழுத்துமூலம் கேட்டுக் கையெழுத்தைத் திரும்பப் பெறலாம்.