கரிசலின் கறுப்பும் செயற்கைக்கோளின் கணக்கும்

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 786 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஐந்து நாளுக்கு ஒருமுறை கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டையும் படமெடுத்துவிட்டுப் போகின்றன. படங்கள் இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். அவற்றை வைத்து, 'உங்கள் நிலத்தில் இவ்வளவு கார்பன் இருக்கிறது' என்று எண் சொல்லும் நிறுவனங்களும் கிளம்பியிருக்கின்றன. மண்ணில் சேர்த்துவைத்த கார்பனைக் கணக்குக் காட்டி விற்கும் கார்பன் கிரெடிட் விற்பனைக்கு அந்த எண் தேவைப்படுகிறது.

ஆனால் அந்தச் செயற்கைக்கோளில் மண்ணின் கார்பனை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. அது அளப்பது வெளிச்சத்தைத்தான். மண்மீது விழும் வெயிலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை 13 அலைவரிசைகளாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. கண்ணுக்குத் தெரியும் நீலத்தில் தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் 2,200 நானோமீட்டர் பக்கம்வரை அந்தப் பட்டைகள் போகின்றன. இரும்பு ஆக்சைடு 900 நானோமீட்டர் அருகே வெளிச்சத்தை விழுங்கும். களிமண் கனிமங்கள் 2,200 அருகே விழுங்கும். மக்கிப்போன செடி, சாணம் ஆகியவற்றால் ஆன மட்கில்தான் நாம் தேடும் கார்பன் இருக்கிறது. அந்த மட்குக்கு அப்படிக் குறிப்பான ஓர் இடம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் முழுக்கப் பரவலாக உறிஞ்சிக்கொள்ளும். மட்கு கூடக் கூட மண் கறுக்கும் என்பது இதனால்தான். சரி, அப்படியானால் கறுப்பை அளந்து கார்பனைச் சொல்லிவிடலாமே?

கரிசலில் இது செல்லாது. பார்க்க அத்தனை கறுப்பாக இருக்கும் அந்த மண்ணில், மட்கில் உள்ள கார்பனான அங்ககக் கார்பன் பல இடங்களில் 0.5 சதவீதத்தைத் தொடுவதில்லை. மண்வள அட்டையில் அதற்கு 'குறைவு' என்றுதான் போடுவார்கள். ஸ்மெக்டைட் என்னும் விரிந்து சுருங்கும் களிமண், தன்னிடம் உள்ள கொஞ்ச மட்கை இறுகப் பற்றிக்கொண்டு கறுப்பாகத் தெரிகிறது. டைட்டானியம் கலந்த இரும்புக் கனிமமும் சேர்ந்து நிறத்தைக் கூட்டுகிறது. உக்ரைனின் செர்னோசெம் மண்ணும் கறுப்புதான், ஆனால் அங்கே நிறத்தைக் கொடுப்பது நிறைய மட்கு. அந்த ஊர் மண்ணை வைத்துப் பழக்கிய கணினி மாதிரியைக் கொண்டுவந்து கோவில்பட்டிப் படத்தில் ஓட்டினால், ஏழை மண்ணைப் பணக்கார மண் என்று சொல்லிவிடும்.

ஆகவே அந்தந்த மண்ணிலேயே தோண்டியாக வேண்டும். மண்வெட்டியால் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவத்தில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வயலுக்குப் பொருந்தாது. பத்துப் பதினைந்து இடத்தில் இப்படி எடுத்து, சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ள வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஆய்வகத்தில் இன்றும் பரவலாக நடப்பது 1934-இல் வந்த வாக்லி–பிளாக் முறை. பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து மட்கை எரித்துவிட்டு, மிச்சமுள்ள டைகுரோமேட்டை அளப்பார்கள். கரைசல் ஊதாவிலிருந்து பச்சைக்கு மாறும் சொட்டில் கணக்கு முடியும். இப்படிக் கிடைத்த எண்களையும், அதே இடங்களின் 13 பட்டை வெளிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கணினி கற்றுக்கொள்கிறது. ஐரோப்பாவில் லூகாஸ் என்ற கணக்கெடுப்புக்காக 2009-இலேயே சுமார் 20,000 இடங்களில் மண் எடுத்தார்கள். அவர்களின் வரைபடம் நன்றாக இருப்பதற்கு அந்த உழைப்புதான் முக்கியக் காரணம் என்பேன்.

அடுத்த சிக்கல், மண் கண்ணில் பட வேண்டும். பயிர் நின்றால் செயற்கைக்கோளுக்குத் தெரிவது இலைதான். மானாவாரிக் கரிசல் இதற்கு வசதி: புரட்டாசி வாக்கில் விதைத்து, தை மாசியில் அறுத்துவிட்டால் பங்குனியிலிருந்து நிலம் வெறுமையாகக் கிடக்கும். சிவப்பு வெளிச்சத்தையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிட்டுப் பச்சை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத நாட்களின் படங்களை மட்டும் பல வருஷத்துக்குச் சேர்த்து ஒரே 'வெற்று மண் படம்' செய்கிறார்கள். கோடை மழை பெய்த மறுநாள் படத்தைத் தள்ளிவிட வேண்டும், ஈர மண் கூடுதல் கறுப்பாகத் தெரியும். சோளத்தட்டை கிடந்தாலும் கணக்குத் தப்பும். சீமைக்கருவேலம் மூடிய தரிசில் இந்த வழிக்கு வேலையே இல்லை.

எல்லாம் சரியாக அமைந்தாலும் அந்த வெளிச்சம் மண்ணுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூடப் போவதில்லை. கார்பன் கணக்கோ 30 செ.மீ. ஆழத்துக்குக் கேட்கிறார்கள். கார்பன் 0.4 சதவீதம், மண்ணின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.4 கிராம் என்று வைத்தால், 30 செ.மீ. ஆழத்தில் ஹெக்டேருக்கு 16.8 டன். தொழுவுரம், பசுந்தாள் உரம் என்று பாடுபட்டு 0.45 ஆக்கினால் ஹெக்டேருக்கு 2.1 டன் கூடும். விவசாயிக்கு அது சில வருஷ உழைப்பு. செயற்கைக்கோள் மதிப்பீட்டின் பிழையோ பெரும்பாலும் அந்த 0.05-ஐப் போலப் பல மடங்கு. போதாக்குறைக்கு அடர்த்தி மேலிருந்து தெரியாது. உழுத மண்ணிலும் டிராக்டர் மிதித்த மண்ணிலும் அது வேறு வேறு.

மண்வளத்தின் மற்ற பக்கங்களில் வானத்துக் கண் இன்னும் நன்றாகவே உதவுகிறது. ஶ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட இந்திய–அமெரிக்கச் செயற்கைக்கோளான நைசார், மேகத்தையும் ஊடுருவும் ரேடார் அலைகளால் 12 நாளுக்கு ஒருமுறை மண்ணின் ஈரத்தை மதிப்பிட உதவும். ஜெர்மனியின் என்மேப் செயற்கைக்கோள் இருநூறுக்கும் மேற்பட்ட பட்டைகளில் பார்ப்பதால் களிமண்ணையும் மட்கையும் பிரித்தறிய வாய்ப்பு கூடுகிறது.

கார்பன் கணக்கிலும் செயற்கைக்கோளுக்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது, அதைப் பலர் பேசுவதில்லை: எங்கே தோண்டுவது என்று காட்டுவது. வெற்று மண் படத்தில் ஒரே நிறமாகத் தெரியும் பகுதிகளாக நிலத்தைப் பிரித்து, பகுதிக்குச் சில மாதிரி எடுத்தால் குத்துமதிப்பாகத் தோண்டுவதைவிடக் குறைந்த குழிகளில் நம்பகமான சராசரி கிடைக்கும்.

யாராவது உங்கள் நிலத்துக்குக் கார்பன் எண் கொண்டுவந்தால், இந்த வட்டாரத்தில் எத்தனை குழி தோண்டினீர்கள், எவ்வளவு ஆழம், அப்புறம் இந்த எண்ணில் கூடக் குறைய எவ்வளவு என்று கேளுங்கள். 15 செ.மீ. என்று பதில் வந்தால், 30 செ.மீ. கணக்கின் கீழ்ப்பாதியை யாரும் பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள்.