களியை யார் மெல்லுவது?

கவனித்துச் சாப்பிடுவது பற்றி எந்த வீடியோவைத் திறந்தாலும் முதலில் வருவது ஒரு வாய்க்கு 32 தடவை மெல்லுங்கள் என்பதுதான். அதைக் கேழ்வரகுக் களி சாப்பிடுகிற தருமபுரிப் பக்கம் வந்து சொல்லிப் பாருங்கள். "களியைப் போய் யாராவது மெல்லுவாங்களா மேடம்?" என்று சிரிப்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். உருண்டையின் ஓரத்தில் கிள்ளி, கீரைக் கடைசலிலோ கொள்ளுக் குழம்பிலோ புரட்டி அப்படியே விழுங்கினால்தான் அது களி, மென்றால் பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு ருசியும் போய்விடும். அதனால் உணவு ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களிடம் மெல்லுகிற கணக்கை நான் பேசுவதே இல்லை. நேற்று ராத்திரி எந்த இடத்தில் போதும் என்று தோன்றியது என்று கேட்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தட்டு காலியானப்போ" என்பார்கள்.

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. களிக்கு அளவு சாப்பிடும்போது முடிவாவதில்லை, அம்மாவோ மனைவியோ "ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டுச் சூட்டோடு உருட்டித் தட்டில் வைக்கும்போதே முடிந்துவிடுகிறது. அந்த உருண்டை ஏர் ஓட்டி, வெயிலில் களை வெட்டி, தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்களுக்கு உருட்டிய உருண்டை. இன்றைக்கு நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவரும், கடையில் கல்லாவைவிட்டு நகராதவரும் அதே அளவைத்தான் சாப்பிடுகிறார்கள், கேட்டால் "கேழ்வரகுதானே, சுகருக்கு நல்லதுதானே" என்கிறார்கள். கேழ்வரகு நல்லதுதான், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் தீட்டிய அரிசியைவிட அதிகம். ஆனால் அதே 100 கிராமில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் இருக்கிறது, அதை நைசாக அரைத்து, நொய்யரிசி சேர்த்து, குழையக் கிண்டி, மெல்லாமல் விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

சரி, என்ன செய்வது? உருண்டையைத் தட்டிலேயே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி முடிந்ததும் கையை எடுத்துவிட்டு இரண்டு வாய் மோர் குடியுங்கள், கடைசலைத் தனியாகக் கொஞ்சம் சாப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். அப்புறம் வயிற்றைக் கேளுங்கள். இரைப்பை விரிகிற சேதி நரம்பு வழியாகவும், குடலில் சுரக்கும் ஹார்மோன்களின் சேதி இரத்தம் வழியாகவும் மூளைக்குப் போய்ச் சேரப் பொதுவாகப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும் என்பார்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டு உருண்டையை இறக்குகிறவருக்கு அந்தச் சேதி கை கழுவிய பிறகுதான் கிடைக்கிறது. நிறுத்திக் கேட்ட பிறகும் பசித்தால் மீதியையும் சாப்பிடுங்கள், அதில் தப்பே இல்லை.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட் ஜின் தொடங்கிய மனஅழுத்தக் குறைப்புப் பயிற்சியில் ஒரே ஒரு உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, நிதானமாகச் சாப்பிடச் சொல்வார்கள். நான் வறுத்த நிலக்கடலையை வைத்துச் செய்யச் சொல்வேன். தோலைத் தேய்த்து ஊதி, ஒரு பருப்பை மட்டும் நாக்கில் வைத்து, உடனே கடிக்காமல் இருந்து பாருங்கள். அந்த ஒரு பருப்பு முடிவதற்குள் அடுத்த கை தானாகப் பொட்டலத்துக்குள் போகும் பாருங்கள், அதைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் பயிற்சி. ரொம்பப் பேருக்கு அப்போதுதான் தெரிகிறது, தனக்குப் பசியே இல்லை, வாய்தான் நமநமவென்று இருந்திருக்கிறது என்று.

ஓசூர்க் கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிறவர்களிடம் நிதானமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்வது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இருட்டோடு கம்பெனி பஸ் பிடித்து, கிடைக்கிற இடைவேளையில் பாதியை கேண்டீன் வரிசையில் தொலைத்துவிட்டு மீதியில் சாப்பிடுகிறார்கள், அது அவர்கள் தப்பில்லை. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கேண்டீனில் அவசரம் தவிர்க்க முடியாது, வீட்டில் சாப்பிடுகிற அந்த ஒரு வேளையாவது செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

வீட்டுப் பெண்கள் விஷயம் வேறு மாதிரி. "நான் ரொம்பக் கம்மியாத்தான் சாப்பிடறேன், ஆனா உடம்பு ஏறுது" என்பார்கள், பொய் இல்லை, தட்டில் போட்டுச் சாப்பிட்டது கம்மிதான். பிள்ளை பாதியில் வைத்துப் போன இட்லி, குழம்புச் சட்டியில் பிசைந்த ஒரு பிடி சோறு, வீணாகுமே என்று வழித்த களிச்சட்டி, உப்பு பார்க்கிற சாக்கில் போன பொரியல், இதெல்லாம் நின்றுகொண்டே போய்விடுவதால் கணக்கில் வருவதில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் தான் சாப்பிட வேண்டும் என்ற வழக்கம் முதலில் மாறட்டும், பசித்த நேரத்தில் தனக்கென்று ஒரு தட்டு வைத்து உட்கார்ந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீந்தது மீந்ததுதான், நம் வயிறு குப்பைத்தொட்டி இல்லை. (இதை வீட்டு ஆண்களும் படித்தால் நல்லது.)

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய் மீன் சாப்பிடுகிற அன்றைக்கோ, மாமன் வீட்டுக் கறிவிருந்திலோ போதும் என்றால் யார் விடுவார்கள்? முதல் தடவை கம்மியாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில் அத்தைக்கும் சந்தோஷம், உங்களுக்கும் அளவு தாண்டாது. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிக்காரர்களிடம் மாம்பழமே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. சாப்பாட்டுக்கு மேல் சாப்பிடாமல், டீயோடு போகிற போண்டாவுக்குப் பதிலாக, செந்தூராவில் சின்னதாக ஒன்றை நறுக்கித் தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், சர்க்கரை இருக்கிறவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடையைப் பக்கத்தில் வைத்து டிவி பார்ப்பதுதான் ஆபத்து.

இப்படிக் கவனித்துச் சாப்பிட்டால் மாதத்தில் இத்தனை கிலோ இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனசு சரியில்லாதபோது கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிடுவதைக் குறைக்க இது உதவுகிறது, எடை விஷயத்தில் பெரிய மாயம் எதுவும் நடப்பதில்லை. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பசியில்லை என்று வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவோ திடீரென்று பாதியாக்கவோ கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும், மயக்கமே வரலாம். அளவைக் குறைப்பதாக இருந்தால் மருந்து எழுதிய டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவையும் அவர் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும்.