எஞ்சினை ஒளித்துவைக்கும் வளைவு

"கிங் ஷாகா விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாலே பயணிகள் விமான எஞ்சினின் விசிறி தெரிகிறது. ராடாரில் சிக்காத போர் விமானத்தில் மட்டும் ஏன் தெரிவதில்லை?" தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரிகிற விசிறி ராடாருக்கும் தெரியும், அதனால்தான் ஒளித்துவைக்கிறார்கள்.

ராடார் ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதை வைத்துப் பொருளைக் கண்டுபிடிக்கும்; அலை பட்டுத் திரும்புவது பள்ளிப் பாடம். விமானத்தின் முன்பக்கத்தில் அலையைப் பலமாகத் திருப்பி அனுப்புவதில் விசிறிக்குப் பெரிய பங்கு உண்டு. போதாததற்குச் சுழலும் இதழ்கள் அந்த அலையில் ஒரு துடிப்பையும் பதித்துவிடும். அதை வைத்து எந்த எஞ்சின் என்றே சொல்லிவிடலாம்.

1981இல் முதன்முதலாகப் பறந்த எஃப்-117 என்ற அமெரிக்கப் போர் விமானத்தில் காற்று நுழையும் வாய்க்கு, அலை நுழைய முடியாத சிறு துளைகள் கொண்ட வலை போட்டார்கள். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் இருப்பதும் இதே உத்திதான். ஆனால் வலை காற்றைத் தடுக்கும், அதில் பனியும் உறையும்.

எஃப்-22, எஃப்-35 விமானங்களில் காற்று வரும் குழாயையே வளைத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நேராக வரும் அலை விசிறியைத் தொட முடியாமல் வளைவின் சுவரில் மோதுகிறது. சுவரிலோ அலையை உறிஞ்சும் பூச்சு. ஒவ்வொரு மோதலிலும் பாதி போகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போக ஐந்து மோதல், வெளியே வர ஐந்து. மிஞ்சுவது 1,024இல் ஒரு பங்குதான்! ஆனாலும் ராடார் குருடாகிவிடாது. எதிரொலி, தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைவதால், 200 கிலோமீட்டரில் தெரிந்த விசிறி இப்போது சுமார் 35 கிலோமீட்டரில் தெரியும். போரில் அந்த இடைவெளி பெரிது.

காற்றுக்குத்தான் வளைவு பிடிக்காது. திருப்பத்தில் சுவரை விட்டு விலகிச் சுழித்தால் விசிறிக்குச் சீராகப் போய்ச் சேராது. அலைக்குக் கடினமாகவும் காற்றுக்கு இதமாகவும் இருக்கிற வளைவைத் தேடுவதுதான் பொறியாளரின் பாடு.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் வேலை என்று விட்டுவிடக் கூடாது. 1939இல் ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஷோன்லாண்டின் குழு சொந்தமாகவே ஒரு ராடாரைச் செய்து இயக்கியது. நம் பல்கலைக்கழகங்களின் அலை ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

சரி, வீட்டிலேயே பார்க்க வேண்டுமா? கழிவுநீர்க் குழாய்க்கான வளைவுத் துண்டு இரண்டை எஸ் வடிவில் மாட்டி, உள்ளே கறுப்புத் துணி ஒட்டுங்கள். ஒரு முனையைப் பளபளப்பான டின் மூடியால் அடைத்துவிட்டு, மறுமுனையில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். மூடி தெரியாது. துணியை உருவிவிட்டு மறுபடி அடியுங்கள்: குழாயின் வெள்ளை உட்சுவர் முழுக்க வெளிச்சம்.