உடம்பு இளைக்கும் முன்பே சுகர் ஏன் இறங்குகிறது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் நாத்தனாருக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன் நடந்து பத்து நாள்தான் ஆகிறது. ஐந்து கிலோ குறைந்திருந்தால் அதிகம். அதற்குள் இன்சுலின் ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், சுகரும் கட்டுக்குள் இருக்கிறது. இளைத்தால் சுகர் இறங்கும், சரி. இளைக்கும் முன்பே எப்படி இறங்கும்? பயமாக இருக்கிறது.”

பயம் வேண்டாம். இந்தச் சந்தேகம் பெரிய பெரிய டாக்டர்களுக்கே வந்ததுதான். அமெரிக்காவின் வட கரோலினாவில் வால்டர் போரீஸ் என்ற அறுவை மருத்துவர் பல வருடம் பைபாஸ் செய்துகொண்டிருந்தார். (இதய பைபாஸ் இல்லை, இரைப்பை பைபாஸ்.) சர்க்கரை நோயோடு வந்த 146 பேரில் 121 பேருக்குச் சுகர் சாதாரண நிலைக்கு வந்து அப்படியே நின்றது. பலருக்கு ஆபரேஷன் முடிந்து சில நாட்களிலேயே, உடம்பு இளைக்க நேரமே இல்லாதபோதே, இறங்கிவிட்டது. 1995-ல் இதைக் கட்டுரையாக எழுதியபோது தலைப்பிலேயே தன் ஆச்சரியத்தைக் கொட்டிவிட்டார் மனிதர்.

ஆபரேஷனைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது அதிகம் செய்வது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒல்லியான குழாயாக விட்டுவிடுவார்கள். பைபாஸில் இரைப்பையின் மேல் முனையில் 30 மில்லி கொள்ளும் ஒரு குட்டிப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலைக் குறுக்கே வெட்டி, கீழ்த்துண்டை மேலே இழுத்து அந்தப் பையோடு தைப்பார்கள். சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் பார்க்காமலே இறங்கிவிடும். 1960-களில் அயோவாவில் எட்வர்ட் மேசன் இதைத் தொடங்கினார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் பாதியை எடுத்தவர்கள் அதற்கப்புறம் குண்டாவதில்லை என்பதைக் கவனித்ததால் வந்த யோசனை.

“பை சின்னதாகிவிட்டது, அதனால் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார்கள், அதனால் இளைக்கிறார்கள்” என்றுதான் ரொம்ப காலம் எல்லோரும் விளக்கம் சொன்னார்கள். இன்றும் ஆஸ்பத்திரி வரவேற்பறைப் படங்கள் அதைத்தான் சொல்கின்றன. எலிகள் ஒத்துக்கொள்ளவில்லை. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்லீவ் செய்த எலிகள் இளைத்து ஒரு எடையில் நின்றன. அவற்றைப் பட்டினி போட்டு இன்னும் இளைக்க வைத்துவிட்டு, அப்புறம் வேண்டிய அளவு சாப்பிட விட்டார்கள். வெட்டிய அதே குட்டி வயிற்றை வைத்துக்கொண்டே அவை கூடுதலாகத் தின்று, ஆபரேஷனுக்குப் பின் நின்ற எடைக்குச் சரியாகத் திரும்பின. கருவுற்ற எலிகளும் தேவையான அளவுக்குச் சாப்பாட்டைக் கூட்டிக்கொண்டன. பை சின்னது என்பதுதான் காரணமென்றால் இதெல்லாம் முடிந்திருக்கக் கூடாது. எவ்வளவு எடை போதும் என்று மூளை வைத்திருக்கும் கணக்கே மாறியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சரி, சுகருக்கு வருவோம். முதல் வாரத்தில் இறங்குவதற்குப் பெரிய காரணம் சாதாரணமானதுதான்: ஆள் கிட்டத்தட்டப் பட்டினி. தண்ணீர், மோர், வடிகட்டிய சூப், இவ்வளவுதான் உள்ளே போகிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு 2011-ல் ஆபரேஷனே இல்லாமல் 11 சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தது. ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சுகர் சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. பட்டினியில் உடம்பு சீக்கிரமாக எடுத்துச் செலவழிப்பவற்றில் ஒன்று கல்லீரலில் தேங்கிய கொழுப்பு. அது வடிந்ததும் கல்லீரல் மறுபடி இன்சுலின் பேச்சைக் கேட்கிறது, இரவெல்லாம் ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டுவதை நிறுத்துகிறது. ஐந்து கிலோவில் இது நடக்கும். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

ஆனால் சாப்பிட ஆரம்பித்த பிறகும் சுகர் ஏறாமல் இருக்கிறதே, அதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம்.

1960-களில் செய்த ஒரு எளிய சோதனையிலிருந்து தொடங்கலாம். ஒருவருக்குக் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். இன்னொரு நாள் அதே ஆளுக்கு, ரத்தத்தில் அதே அளவு சர்க்கரை வரும்படி ஊசி வழியே ஏற்றுகிறார்கள். குடித்தபோது கணையம் மிக அதிகமாக இன்சுலின் சுரந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஒரே அளவுதான், அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? குடல் முன்கூட்டியே கணையத்துக்குத் தகவல் சொல்லியிருக்கிறது, “சாப்பாடு வருகிறது, தயாராகு” என்று.

சொல்வது யார்? குடலின் உள்சுவரில், சத்தை உறிஞ்சும் செல்களுக்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாக எல்-செல்கள் என்று சில இருக்கின்றன. மேல்முனை குறுகலாகக் குடலுக்குள் எட்டிப் பார்க்கும், அதில் நுண்ணிய மயிர்கள். அடிப்பக்கம் அகலம், ரத்தக் குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கும், அங்கே ஹார்மோன் நிரம்பிய குட்டிக் குட்டி மணிகள். குடலில் குளுக்கோஸ் வந்ததும் செல்லின் மேல்முனையில் உள்ள ஒரு வாயில் அதை உள்ளே இழுக்கிறது. அந்த வாயிலுக்கு ஒரு நிபந்தனை: ஒரு குளுக்கோஸ் உள்ளே வர வேண்டுமென்றால் கூடவே இரண்டு சோடியம் அயனிகள் வர வேண்டும். சோடியத்துக்கு மின்னூட்டம் உண்டே! குளுக்கோஸ் வர வர செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது, அது ஒரு எல்லையைத் தாண்டியதும் கால்சியம் கதவுகள் திறக்கின்றன, கால்சியம் பாய்ந்ததும் அடியில் இருக்கும் மணிகள் உடைந்து ஹார்மோன் ரத்தத்தில் கொட்டுகிறது. நரம்புச் செல் செய்தி அனுப்பும் அதே முறை. நாம் குடித்த பாயசத்தை நம் குடல் மின்சாரமாகப் படிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

கொட்டுகிற ஹார்மோனின் பெயர் ஜி.எல்.பி.-1. ரத்தத்தில் இதன் ஆயுள் அற்பம், இரண்டு நிமிடத்துக்குள் பாதி காலி. டி.பி.பி.-4 என்ற நொதி அதை வெட்டிப்போட்டுக்கொண்டே இருக்கும். (நம் வீடுகளில் பலர் விழுங்கும் சிடாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாத்திரைகளின் வேலையே அந்த நொதியைத் தடுப்பதுதான்.) இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அது கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கிறது, மூளைக்குப் ‘போதும்’ என்ற செய்தி போகவும் காரணமாகிறது.

இப்போது ஆபரேஷனைப் பொருத்திப் பாருங்கள். எல்-செல்கள் சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. சாதாரணமாகச் சர்க்கரையில் பெரும்பகுதியை முதல் பகுதியே உறிஞ்சிவிடும். கல்யாணப் பந்தியில் பாயசம் முதல் வரிசைகளிலேயே தீர்ந்து, கடைசி வரிசைக்கு வாளி அடியில் ஒட்டியது மட்டும் வருவதுபோல. பைபாஸ் செய்தவரின் குடலில் வாளி முதல் வரிசைகளைத் தாண்டி நேரே கீழே போகிறது. ஸ்லீவிலும் குழாயாகிவிட்ட இரைப்பை சாப்பாட்டை வேகமாகத் தள்ளிவிடுவதால் கிட்டத்தட்ட இதேதான். அத்தனை எல்-செல்களும் ஒரே நேரத்தில் சத்தம் போட, சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஜி.எல்.பி.-1 முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு ஏறுகிறது. நாலு வாய்க்கே போதும் என்று தோன்றுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனும் இருக்கிறது, 1999-ல் ஜப்பானில் கண்டுபிடித்தது. அது அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல் பகுதியில், ஸ்லீவில் வெட்டி வெளியே எடுப்பதும் அதே இடத்தைத்தான். ஆகவே பசி குறைகிறது என்று கதையை முடித்துவிடலாம் போல இருக்கும். ஆனால் கிரெலினே இல்லாமல் பிறந்த எலிகளும் ஸ்லீவுக்குப் பின் இளைக்கின்றன, ஜி.எல்.பி.-1-ஐ உணர முடியாத எலிகளும் இளைக்கின்றன. பித்த அமிலங்களை உணரும் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பி இல்லாத எலிகளுக்குத்தான், 2014-ல் பார்த்தபடி, ஆபரேஷனின் பலன் பெருமளவு குறைந்துபோனது. ஆக, ஒரே ஹார்மோன் தலையில் எல்லாப் பெருமையையும் கட்ட முடியாது.

அதனால்தான் ‘வாயைக் கட்டத் தெரியாதவள், ஆபரேஷன் வரை போய்விட்டாள்’ என்று சொந்தக்காரர்கள் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். பசி என்பது வெறும் மன உறுதி சமாச்சாரம் என்றால் குடலை மாற்றித் தைத்ததும் அது ஏன் மாற வேண்டும்?

ஆபத்து உண்டா என்றும் வாசகி கேட்டிருந்தார். சுகர் இறங்கும்போது பழைய அளவிலேயே ஊசி போட்டிருந்தால் அதுதான் ஆபத்து, நிறுத்தியது சரி. ஆனால் நோய் ஒழிந்தது என்று எழுதிவைத்துவிட வேண்டாம். கிளீவ்லாந்தில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வில் ஐந்து வருடம் கழித்தும் சுகரின் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி) 6 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. மருந்தைவிட எவ்வளவோ மேல்தான், ஆனால் எல்லோருக்கும் நிற்கவில்லை.

மேலே சொன்ன அதே எல்-செல்கள் தொந்தரவும் தரும். பைபாஸ் ஆனவர் கல்யாண வீட்டில் ஆசைப்பட்டு இரண்டு குலாப் ஜாமூன் சாப்பிட்டுவிட்டார் என்று வையுங்கள். சர்க்கரை மொத்தமாகச் சிறுகுடலில் விழுந்து, சவ்வூடு பரவலால் ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசையும் வலி, பேதி. இதற்கு டம்பிங் என்று பெயர். இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும்: எல்-செல்கள் போடும் சத்தத்தில் இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து சுகர் தாழ்ந்து, கை நடுங்கி, கண் இருட்டும். இது பெரும்பாலும் ஆபரேஷன் ஆகி ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. ‘உடம்புக்கு லேசானது’ என்று பெரியவர்கள் ஊற்றிக்கொடுக்கும் அரிசிக் கஞ்சியும் பழச்சாறும் கூட இவர்களுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும். திட உணவுக்கு வந்த பிறகு முட்டை, மீன், பருப்பு, பனீர் முதலில், சோறு கடைசியில், தண்ணீர் அரை மணி நேரம் கழித்து. புரதம் நாளைக்கு 60 கிராமாவது வேண்டும்.

மூன்றாம் மாதத்துக்கு மேல் சீப்பு நிறைய முடி வரும். உடனே கண் பட்டுவிட்டது என்று மிளகாய், உப்பு சுற்றிப் போடுவார்கள். சுற்றிப் போடட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. நடப்பது இதுதான்: பெரிய அதிர்ச்சி வந்ததும் நிறைய முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகின்றன, இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தாற்போல் உதிர்கின்றன, அப்புறம் முளைக்கும். முளைக்காவிட்டால் இரும்புச் சத்தையும் புரதத்தையும் பார்க்க வேண்டும். ‘குடல் சுத்தம்’ என்று யூடியூபில் விற்கும் பேதி மருந்துப் பக்கம் மட்டும் போகவே கூடாது.

வைட்டமின் பி12 கதை வேறு. அதைக் குடல் உறிஞ்ச இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வர வேண்டும், இப்போது இரைப்பையே குறைவு. கல்லீரலில் சில வருடங்களுக்கான சேமிப்பு இருப்பதால் குறை தெரிய வெகு காலம் ஆகும், அதற்குள் ஆஸ்பத்திரி மறந்து மாத்திரையும் நின்றுபோயிருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் தொடங்கும்போதே பற்றாக்குறையில் இருப்பார்கள், சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் வேறு அதைக் குறைக்கும். பாதம் மரத்துப்போனால் ‘சுகர்தான் காரணம்’ என்று விட்டுவிடாமல் பி12 அளவைப் பாருங்கள். தயமின் என்கிற பி1-க்கு நேர் எதிர், உடம்பில் இருப்பு சில வாரம்தான். வாந்தி நிற்காமல் போனால் தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவது நம் வழக்கம், இவர்கள் அதைச் செய்யவே கூடாது. தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் மூளையே பாதிக்கப்படலாம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஓடுங்கள்.

இன்னும் சில: வேகமாக இளைப்பதால் பித்தக்கல் வரலாம். மது சட்டென்று ஏறும். பைபாஸ் ஆனவர்கள் கண்ட வலி மாத்திரையை விழுங்கினால் தையல் இடத்தில் புண் வரும். குழந்தை வேண்டும் என்பவர்கள் ஒன்றரை வருடமாவது தள்ளிப்போடுவது நல்லது.

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி, ஆபரேஷன் செய்த இரண்டாயிரம் பேரையும் செய்யாத இரண்டாயிரம் பேரையும் விடாமல் தொடர்ந்தார்கள். ஆபரேஷன் ஆனவர்களிடம் மரணம் குறைவு என்று 2007-ல் உறுதியாகச் சொல்ல முடிந்தது அதனால்தான். சோறே பிரதானமாகவும் புரதம் கம்மியாகவும் சாப்பிடும் நம் ஆட்களை இருபது வருடம் அப்படித் தொடர்வதற்கு இங்கே யார் பணம் போடுவார்கள்? ஆபரேஷன் செய்யும் ரோபோ வாங்கினால் ரிப்பன் வெட்டலாம், போன் போட்டு “மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று விசாரிக்கும் ஒரு நர்ஸுக்குச் சம்பளம் கொடுத்தால் போட்டோ எடுக்க ஒன்றுமில்லை.

எடை குறைக்க ஊசியே வந்துவிட்டதே, ஆபரேஷன் எதற்கு என்று அடுத்து கேட்பீர்கள். அந்த ஊசியும் இந்த ஜி.எல்.பி.-1 குடும்பம்தான். அமெரிக்கப் பாலைவனத்தின் ஹீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சிலில் டி.பி.பி.-4 லேசில் வெட்ட முடியாத, ஜி.எல்.பி.-1 போன்ற ஒரு ஹார்மோன் கிடைக்க, அதிலிருந்து 2005-ல் முதல் மருந்து வந்தது. இன்றைய ஊசி மருந்தான செமாக்ளூடைடு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். அதன் முக்கிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது, நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறிவிட்டது. ஆபரேஷனில் குறைவது இதைவிட அதிகம், நிற்பதும் அதிக காலம். ஆனால் அங்கேயும் இரண்டு வருடத்துக்கு அப்புறம் சிலருக்கு எடை மெல்ல ஏறும், அப்படி ஏறியவர்களுக்கு இப்போது டாக்டர்கள் இதே ஊசியை எழுதிக்கொடுக்கிறார்கள்.