கடலைச் சாய்க்கும் காற்று

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது, கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுக் கடல்தண்ணீர் வரவில்லை. கடலே தெரியாத கொலன்னாவை மூழ்கியது. புயல் என்றால் கடல்தானே பொங்கவேண்டும்?”

கொலன்னாவைக்குள் வந்தது மழைத் தண்ணீர். மேலே மலைகளில் கொட்டியதைக் களனி கங்கை சுமந்து வந்து இறக்கியது. புயலில் கடல் எழும்பி ஊருக்குள் வருவது முற்றிலும் வேறு சங்கதி. அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை ஹரிக்கேன்களால் நேரடியாக இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொன்றது இந்தக் கடல் எழுச்சிதான். 1970இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் மாண்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலானோரையும் அதுவே கொண்டுபோனது.

புயலின் நடுவே காற்றமுக்கம் குறைவு என்பது எல்லோரும் பள்ளியில் படித்தது. அந்த அமுக்கம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அதை அளக்கும் அலகு) குறைந்தால் கடல் ஒரு சென்ரிமீற்றர் உயரும். கடும் புயலில் 50 குறைந்தாலும் அரை மீற்றர்தான். மிச்சத்தில் பெரும்பகுதி காற்றின் வேலை. எனக்கு எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காத இடம் இதுதான்.

சூடான பிளேன்டீயைச் சோசரில் ஊற்றி, விளிம்பிலிருந்து சரிவாக ஊதிப் பாருங்கள். தேநீர் எதிர்ப்பக்கம் ஒதுங்கி வழியப் பார்க்கும். அதே தேநீரை ஆழமான டம்ளரில் வைத்து ஊதினால் மேலே சிற்றலை மட்டும் ஓடும். ஊதும் வாய் ஒன்றுதான். மாறியது ஆழம்.

கணக்காகவே பார்ப்போம். மணிக்கு 126 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீற்றர் கடற்பரப்பை எவ்வளவு விசையோடு இழுக்கும்? ஏறத்தாழ 3 நியூட்டன். 300 கிராம் பருப்பைக் கையில் தூக்கினால் உணரும் பாரம், அவ்வளவே! கடல் 10 மீற்றர் ஆழம் என்றால், அந்தச் சதுர மீற்றருக்குக் கீழே நிற்கும் தண்ணீர் 10 தொன். 300 கிராம் எப்படி 10 தொன்னை அசைக்கும்? கடலைச் சற்றே சாய்த்துவிடும். ஒதுங்கிய தண்ணீர் சரிவில் திரும்பி வரப் பார்க்கும். அந்தத் தள்ளலும் காற்றின் இழுப்பும் சமமாகும்வரை சாய்வு கூடும். எவ்வளவு சாய்வு? 300 கிராமை 10 தொன்னால் வகுத்தால் வருவதுதான்: கிலோமீற்றருக்கு 3 சென்ரிமீற்றர்.

மூன்று சென்ரிமீற்றர் என்று அலட்சியமாக விடக்கூடாது. அதே ஆழத்தில் 50 கிலோமீற்றருக்குக் காற்று ஓடிவந்தால் கரையில் ஒன்றரை மீற்றர். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனால் ஆழம் 1000 மீற்றர் என்றால், அதே காற்று, அதே 50 கிலோமீற்றர், வெறும் ஒன்றரை சென்ரிமீற்றர்! அங்கே மிகச் சிறிய சரிவே ஆயிரம் தொன் தண்ணீரைத் திருப்பித் தள்ளப் போதுமானது.

பாக்கு நீரிணை ஒரு சோசர். 1964 டிசம்பர் 22 இரவு அதன் குறுக்கே போன புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலைக்குள் போயிற்று. கொழும்புக் கோட்டையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கிய அந்தப் பழைய பாதை அன்றோடு முடிந்தது.

கொழும்புக்கு முன்னால் இருப்பது டம்ளர். ஏறக்குறைய 20 கிலோமீற்றருக்கு அப்பால் கடலடி சரிந்து ஆழத்துக்குப் போய்விடுகிறது. காற்றின் திசையும் நமக்கு உதவுகிறது. கிழக்கிலிருந்து வரும் புயல் நமக்குத் தெற்கே கடந்தால், காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். வடக்கே கடந்தால்தான் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று திரும்பிக் கரையை அடிக்கும். இதனால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான் சொல்லவரவில்லை. ஆழமான கடல் எழுச்சியைக் குறைக்குமே தவிரப் பேரலைகளை அடக்காது. முகத்துவாரத்தில் கடல் அரை மீற்றர் உயர்ந்து நின்றாலும், களனி கங்கை வெள்ளம் வடிய நேரமாகும். அப்போது கொலன்னாவையில் தண்ணீர் இன்னும் நெடுநேரம் நிற்கும்.

ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், மன்னார் முதல் மட்டக்களப்புவரை கரையோர ஆழ வரைபடங்களுக்கும், ஒவ்வொரு களப்பின் வாயிலும் ஒரு கடல்மட்டமானிக்கும் பணம் ஒதுக்கவேண்டும். அது வீண்செலவு என்று சொல்பவர்களோடு நான் சண்டைபோடத் தயார். அதைவிடக் கவலை, “கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து” என்று 2004க்குப் பிறகு பரவிய நம்பிக்கை. சுனாமிக்குச் சிலவேளை பொருந்தும் அடையாளத்தைப் புயலில் தேடக்கூடாது. இங்கே கடல் உள்வாங்காமலே மணிக்கணக்கில் ஏறிக்கொண்டு வரும், அதன் மேல் அலையும் வரும். வெளியேறச் சொன்னால் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

காற்று திடீரென ஓய்ந்தால் புயலின் கண் தலைக்கு மேலே நிற்கக்கூடும். சற்றைக்கெல்லாம் எதிர்த்திசையிலிருந்து வீசும். களப்போரத்தில் அப்போது தண்ணீர் வீட்டின் பின்பக்கத்தால் வரும். ஓடும் நீர் 15 சென்ரிமீற்றர் இருந்தாலே ஆளை விழுத்தும். வடிந்துபோகும் தண்ணீர் வீதிக்கு அடியிலுள்ள மண்ணை அரித்துவிடுவதால், மேலே தார் முழுதாக இருந்தாலும் நம்பிக் கால்வைக்காதீர்கள். கடல்நீர் பட்ட பிளக், ஃபிரிட்ஜ், மோட்டார் எதுவும் காய்ந்தபின்னும் ஆபத்தே. உப்புப் படிவம் ஈரக்காற்றை உறிஞ்சி மின்சாரத்துக்கு வழிவிடும். மின்பணியாளர் பார்க்கும்வரை மெயின் சுவிட்ச் நிறுத்தத்திலேயே இருக்கட்டும்.

கிணறு விஷயத்தில்தான் நல்ல மனிதர்கள் அவசரப்படுகிறார்கள். உப்பேறிய தண்ணீரை மோட்டார் போட்டு முழுதாக இறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். கரையோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் ஏடுபோல மிதக்கிறது. வேகமாக இறைத்தால் அந்த ஏடு கிழிந்து கீழேயுள்ள உப்பு மேலே ஏறும். 2004க்குப் பிறகு கிழக்குக் கரையில் பட்டுத் தெரிந்துகொண்டது இது. சேற்றையும் குப்பையையும் மெதுவாக அகற்றிவிட்டு, வாடைமழை பெய்து மணலைக் கழுவும்வரை குடிக்கப் பவுசர் தண்ணீரையே எடுங்கள்.