பார்வைப் பாதைக் கட்டி: ஸ்கேன் படம் சொல்வதும் சொல்லாததும்

பார்வை நரம்பில் கட்டி இருப்பதாக அறிக்கை வந்த பிறகும் சிகிச்சை எதையும் தொடங்காமல், "மூன்று மாதம் கழித்து மீண்டும் படம் எடுத்துப் பார்ப்போம்" என்று மருத்துவர் சொன்னால், பெற்றோருக்கு அது தாங்க முடியாத பதிலாகவே இருக்கும். ஆனால், முதல் வகை நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் என்னும் மரபணுக் கோளாறுள்ள குழந்தைகளைப் பொறுத்தவரை, அந்தக் காத்திருப்புக்கு உறுதியான காரணங்கள் உண்டு.

ஏறத்தாழ 3,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இக்கோளாறு, 17ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதடைவதால் வருகிறது. பாதிக்கப்பட்டோரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகத் தோன்றுகிறது. அம்மரபணுவின் புரதமான நியூரோஃபைப்ரோமின், செல்களைப் பெருகத் தூண்டும் 'ராஸ்' சமிக்ஞையை அடக்கி வைக்கிறது. அது குறையும்போது நரம்பைச் சூழ்ந்துள்ள துணைச் செல்கள் பெருகிக் கட்டியாகின்றன. உடலில் வெளிர்பழுப்புத் திட்டுகளுடன் காணப்படும் இக்குழந்தைகளில் 15 முதல் 20 விழுக்காட்டினருக்குப் பார்வைப் பாதையில் (கண்ணிலிருந்து மூளைக்குப் பார்வைச் செய்தியைக் கொண்டு செல்லும் நரம்புப் பாதையில்), பெரும்பாலும் ஏழு வயதுக்குள், இத்தகைய கட்டி உருவாகிறது. இது மெதுவாக வளரும் வகையைச் சேர்ந்தது; பல கட்டிகள் தொல்லை ஏதும் தராமல் அப்படியே நின்றுவிடுகின்றன, சில தாமாகவே சுருங்கவும் செய்கின்றன.

கண்காணிப்புக்கு எம்.ஆர்.ஐ. பயன்படுகிறது. சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு என்பதாலும், கட்டிகளுக்கு எளிதில் இடம் தரும் இவ்வுடல்களில் கதிர்வீச்சைக் குறைப்பது முக்கியம் என்பதாலும், மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டிய படத்துக்கு அது ஏற்றதன்று. கண்குழியில் நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்பு எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்மையாக ஒளிர்ந்து கட்டியை மறைத்துவிடும் என்பதால், கொழுப்பின் சமிக்ஞையை அடக்கிவிட்டு, மெல்லிய துண்டங்களாகப் படம் எடுக்கிறார்கள். அசையாமல் படுத்திருக்க முடியாத சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படும். ஒவ்வொரு படத்துக்கும் இப்படி ஒரு விலை இருப்பதாலேயே, தேவையற்ற படத்தைத் தவிர்ப்பதும் நல்ல மருத்துவத்தின் பகுதியாகிறது. அறிகுறியே இல்லாத குழந்தைக்கு முன்கூட்டியே ஸ்கேன் எடுப்பதை விட, ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்வதையே பெரும்பாலான வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன.

படத்தைப் படிப்பதிலும் தடுமாற வாய்ப்புகள் பல. இக்குழந்தைகளின் மூளையில், குறிப்பாகச் சிறுமூளையிலும் மூளையின் ஆழ்பகுதிகளிலும், பளிச்சிடும் திட்டுகள் தெரிவது வழக்கம். சுற்றியுள்ள திசுவை அழுத்தாத, படத்தில் கட்டிகளைத் துலக்கிக் காட்டச் செலுத்தும் கடோலினியம் என்ற மருந்தைச் செலுத்தினாலும் ஒளிராத இத்திட்டுகள் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் மங்கிவிடும், அவை கட்டியல்ல. பார்வை நரம்பு வளைந்து நெளிந்து மட்டும் இருந்தால் அதையும் கட்டி எனக் கொள்ளக்கூடாது. உண்மையான கட்டியிலுங்கூட, கடோலினியத்தால் ஒளிரும் அளவு ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே கூடிக் குறைவதுண்டு. அதை மட்டும் வைத்துக் கட்டி வளர்ந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று உண்டு: கட்டியின் அளவும் குழந்தையின் பார்வையும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. நரம்பிழைகளுக்கிடையே ஊடுருவும் கட்டி பெரிதாக இருந்தும் பார்வை சீராக இருக்கலாம். படம் மாறாமலேயே பார்வை குறையலாம். ஆகவே சிகிச்சையைத் தீர்மானிப்பதில் பார்வைக் கூர்மைப் பரிசோதனைக்கே முதலிடம் தர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பேசத் தெரியாத வயதினருக்குக் கோடுகள் வரைந்த அட்டைகளைக் காட்டிப் பார்வையை அளக்கிறார்கள், ஓ.சி.டி. என்ற ஒளிக்கருவி விழித்திரை நரம்பிழைப் படலத்தின் தடிமனை அளந்து, இழைகள் அழிகின்றனவா எனக் காட்டுகிறது. இரு பார்வை நரம்புகளும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, ஹார்மோன் சுரப்பைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியான ஹைபோதாலமஸ் இருப்பதால், உயரம் திடீரென்று கூடுவதும் மிக இளம் வயதில் பூப்பின் அறிகுறிகள் தோன்றுவதும் கவனிக்கப்பட வேண்டும்.

பார்வை குறைவது உறுதியானால், பொதுவாகக் கார்போபிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற கீமோதெரபி மருந்துகளைத் தருகிறார்கள். மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும் மோயாமோயா நோயும் புதிய கட்டிகளும் வரக்கூடும் என்பதால், கதிர்வீச்சு சிகிச்சையைக் கூடியவரை தவிர்க்கிறார்கள்.

முதலாண்டில் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், நிலை மாறாவிட்டால் பின்னர் ஆறு மாதம், ஓராண்டு என இடைவெளி விட்டும் படம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய படத்துடன் மட்டும் ஒப்பிட்டால், மிக மெதுவான வளர்ச்சி கண்ணுக்குத் தப்பிவிடும். முதல் படத்துடனும் ஒப்பிட வேண்டும். அதனால் அறிக்கைத் தாளோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் பெற்றோர் தொடக்கத்திலிருந்தே பத்திரப்படுத்தி, மருத்துவமனை மாறினாலும் உடன் எடுத்துச் செல்வது மிகவும் அவசியம்.