தலைக்கு 3500 ரூபா, ஆனா தலை கணக்குல இருக்கணும்

வட்டார வள மையத்துல ஸ்பெஷல் எஜுகேட்டரா, அதாவது மாற்றுத்திறனாளிப் புள்ளைங்களுக்கான டீச்சரா இருக்கேன், வாரம் பூரா ஸ்கூல் ஸ்கூலா பஸ் ஏறி இறங்குற வேலை. போன வருஷம் ஒரு அரசு ஆரம்பப் பள்ளியில மூணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு, போர்டுல எழுதிப் போட்டா அச்சு மாதிரி காப்பி பண்ணுது, டிக்டேஷன் சொன்னா மட்டும் பக்கத்துப் பையன் நோட்ட எட்டிப் பாக்குது. பின்னாடி நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. அம்மாவ வரச் சொன்னா, காது சரியா கேக்கலன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. "டீச்சர், கம்ப்யூட்டர்ல மட்டும் ஏத்திடாதீங்க, நாளைக்கு கல்யாணம் காட்சின்னு வந்தா யாரு கட்டிப்பா"ன்னு கையப் புடிச்சிக்கிட்டாங்க.

அந்த இடத்துலதான் பணம் நின்னு போகுது. நம்ம ஸ்கூல்கள்ல இந்தப் புள்ளைங்களுக்கான செலவு பெரும்பாலும் 2018ல வந்த சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக் கல்வித் திட்டம் வழியாதான், மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. ஒரு புள்ளைக்கு வருஷத்துக்கு 3500 ரூபான்னு தலைக்கணக்கு. அத யாரும் கையில குடுக்க மாட்டாங்க, உபகரணம், பிரெயில் புக்கு, மருத்துவ முகாம்னு போகும், பொண்ணுங்களுக்கு மட்டும் மாசம் 200 வீதம் பத்து மாசம் பேங்க் அக்கவுண்ட்ல தனியா விழும். எத்தனை புள்ளைங்கன்னு எமிஸ்ல, அதாவது ஸ்கூல் புள்ளைங்க விவரத்த ஏத்தற அரசோட கம்ப்யூட்டர் பதிவுல, இருக்கறத வச்சுதான் கணக்கு, என்ட்ரி இல்லன்னா அந்தத் தலையே இல்ல!

3500ங்கறது பத்தவே பத்தாதுங்கறது வேற கதை, நல்ல டிஜிட்டல் காது மெஷின் ஒண்ணோட வெல இதுக்கு எத்தனையோ மடங்கு. போதாததுக்கு 2024-25ல பிஎம் ஸ்ரீங்கற மத்திய அரசோட பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்துப் போடலன்னு மத்திய பங்கே வரல, 2152 கோடி பாக்கின்னு மாநிலம் 2025ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. மேல அவங்க சண்டை அப்படி, அத நாம தீர்க்க முடியாது, ஆனா கீழ ஒரு பேர ஏத்தறது நம்ம கையிலதான இருக்கு.

அதனால ஹெச்எம் கிட்ட போய் "எமிஸ்ல எம்புள்ளைக்கு மாற்றுத்திறனாளின்னு போட்டிருக்கா, எந்த வகையில போட்டிருக்கு"ன்னு நேராவே கேளுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் எல்லாம் அதுல வரும், கண்ணுக்குத் தெரியற ஊனம் மட்டும்னு நெனச்சிட்டு விட்டுடாதீங்க. சர்டிபிகேட்ல குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா 18 வயசு வரைக்கும் இலவசப் படிப்பு, அது உரிமை.

அந்த அம்மா மூணு வாரம் கழிச்சு சம்மதிச்சாங்க. முகாம்ல மெஷின் கெடச்சுது. இப்ப நான் கிளாஸுக்குள்ள போனா பாப்பா மொத வேலையா காதக் காட்டி பேட்டரி கேக்குது.